முப்பது நிமிடம், ஒரு பென்சில்: கன்செர்ட்டோ கேட்கப் பழகுவது எப்படி

கன்செர்ட்டோ என்பது மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. அதைக் கேட்க உட்காருகிற பலரும் முதல் இரண்டு நிமிடத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள். அட்டையில் பியானோ கன்செர்ட்டோ என்று போட்டிருக்கிறது, ஆனால் பியானோவைக் காணோம். வயலின்கள் ஏதோ முணுமுணுக்கின்றன, திடீரென்று முரசு இடிக்கிறது, மறுபடி அமைதி. ‘முன்னுரை போலிருக்கிறது’ என்று தள்ளி விட்டுப் பியானோ வருகிற இடத்துக்குப் போனால், அதன் பிறகு வருகிற எதுவும் புரியாது. பியானோ வந்து பேசப்போவதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததைப் பற்றித்தான்.

கன்செர்ட்டோவில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் முப்பது, நாற்பது பேர், எதிரே ஒருவர். அவர்கள் சொன்னதில் எதை இவர் எடுத்துக்கொள்கிறார், எதைத் தொட மறுக்கிறார், எதைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறார்? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் 1711-இல் அச்சான விவால்டியும் பிடிபடும், 1932-இல் அரங்கேறிய ரவெலும் பிடிபடும்.

அமைப்பைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலானவை மூன்று பகுதிகள்: வேகம், நிதானம், வேகம். பிராம்ஸின் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ போல நான்கு பகுதி உள்ளவையும் உண்டு. பகுதிகளின் தலைப்பில் இருக்கும் அலெக்ரோ, அந்தாந்தே போன்றவை பெயர்கள் அல்ல, வேகக் குறிப்புகள். அலெக்ரோ என்று மட்டும் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும்.

உட்காரும் முன்

தேடும்போது பட்டியல் எண்ணை வைத்துத் தேடவும். மொஸார்ட்டின் பியானோ கன்செர்ட்டோக்கள் 27 என்று எண்ணிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் சி மேஜரில் (எது ஸ, எந்த ஸ்வர வரிசை என்று சொல்லும் குறிப்பு இது) இருப்பவை மட்டும் நான்கு. ‘மொஸார்ட், சி மேஜர்’ என்று தேடினால் எது வந்தது என்றே தெரியாது. மொஸார்ட்டுக்கு ‘கே’, பாகுக்கு ‘பி.டபிள்யூ.வி.’, விவால்டிக்கு ‘ஆர்.வி.’, பீத்தோவனுக்கு ‘ஓபஸ்’ என்று முன்னெழுத்து வரும். அந்த எழுத்தும் எண்ணும் சேர்ந்துதான் சரியான முகவரி.

போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். நல்ல ரசனைக்காகச் சொல்லவில்லை. நாம் எடுத்துக்கொள்ளப்போகிற படைப்பான மொஸார்ட்டின் கே 466-இன் தொடக்கத்தில் முக்கியமான வேலை செல்லோ, டபுள் பேஸ் என்ற கனத்த குரல் தந்தி வாத்தியங்களில் நடக்கிறது. அந்த ஸ்வரங்கள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் இறங்கும். போனின் சின்ன ஸ்பீக்கர் அவற்றை அப்படியே விழுங்கிவிடும், காதில் விழுவது பாதி இசைதான். ஐந்நூறு ரூபாய் இயர்போன் இருந்தாலும் போதும்.

ஒலியளவைத் தொடக்கத்தில் வைத்து முடிவு செய்தால் காது பழுதாகும். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் மெல்லிசைக்கும் பேரொலிக்கும் நடுவே உள்ள இடைவெளி சினிமாப் பாட்டில் இருப்பதைவிட மிகப் பெரியது. தொடக்கம் கேட்கவில்லையே என்று கூட்டி வைப்பீர்கள், அரை நிமிடத்தில் முழு ஆர்கெஸ்ட்ராவும் பாயும். முதலில் 0:30-க்குத் தள்ளி, அங்கே பொறுக்கிற அளவுக்கு வைத்துவிட்டு, பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பவும். தொடக்கம் மெல்லக் கேட்டால் அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

செயலியின் அமைப்பில் மூன்றைப் பார்க்கவும். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். கிராஸ்ஃபேட் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பகுதியின் முடிவின் மேலேயே அடுத்த பகுதி ஏறிவிடும். கேப்லெஸ் (பகுதிகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதி) இயங்க வேண்டும். மெண்டல்சனின் வயலின் கன்செர்ட்டோவில் முதல் பகுதி முடிந்ததும் ஒரே ஒரு பஸூன் (கனத்த குரல் மரக்குழல்) ஒரு ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டாம் பகுதிக்குள் நம்மை இழுத்துப் போகும். கேப்லெஸ் இல்லாவிட்டால் அந்த ஸ்வரம் நடுவில் அறுந்து ‘டக்’ என்று கேட்கும். அந்த இடத்தின் அழகு அத்தோடு போயிற்று.

மூன்று நிமிடப் பயிற்சி: விவால்டி

நேராக மொஸார்ட்டுக்குப் போக வேண்டாம். விவால்டியின் ஓபஸ் 3, எண் 6, ஏ மைனர் வயலின் கன்செர்ட்டோவை எடுக்கவும் (ஆர்.வி. 356). 1711-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பன்னிரண்டில் ஒன்று. சுசூகி முறையில் வயலின் படிக்கும் பிள்ளைகள் நான்காம் புத்தகத்தில் இதை வாசிப்பார்கள், ஆகையால் வீட்டில் ஏற்கெனவே கேட்டிருக்கவும் கூடும். முதல் பகுதி மூன்று நிமிடத்துக்குச் சற்று முன்பின்.

ஒரு தாள், ஒரு பென்சில். கூட்டமாக வாசிக்கும்போது ‘கூ’, தனி வயலின் வரும்போது ‘த’ என்று எழுதிக்கொண்டே போகவும். தொடக்கத்தில் கூட்டம் வாசிக்கிற சங்கதியின் முதல் நான்கைந்து ஸ்வரங்களை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அது திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் ‘கூ’ மேல் ஒரு புள்ளி வையுங்கள்.

இந்தத் திரும்பி வரும் சங்கதிக்கு ரிட்டொர்னெல்லோ என்று பெயர். நமக்குப் பல்லவி நினைவுக்கு வரும், பாதி சரி. கிருதியில் பல்லவி திரும்பும்போது அதே சுருதியில், அதே எடுப்பில் திரும்பும். இங்கே திரும்பும்போது பெரும்பாலும் துண்டாக வரும், அதுவும் வேறொரு சுருதியில் வரும். கடைசியில்தான் பழைய வீட்டுக்கே வந்து சேரும். சத்தமாக வருகிற எல்லா இடத்திலும் புள்ளி வைப்பது இங்கே வழக்கமான தவறு. சத்தத்தை விட்டுவிட்டு அந்த நான்கைந்து ஸ்வரம் வந்ததா என்று மட்டும் பார்க்கவும். இரண்டாம் முறை கேட்டால் புள்ளிகளின் எண்ணிக்கை மாறும். மூன்றாம் முறை மாறாது.

விவால்டி சுமார் 500 கன்செர்ட்டோ எழுதியவர்; வெனிஸில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கான பியெத்தா இல்லத்தில் வயலின் ஆசிரியராக இருந்தவர். ஜெர்மனியில் இருந்த பாக் இந்த ஓபஸ் 3-இலிருந்து சிலவற்றைக் கீபோர்டுக்கும் ஆர்கனுக்கும் மாற்றி எழுதிக் கற்றுக்கொண்டார். அந்தப் பாடத்தின் விளைவை 1721-இல் பிராண்டன்பர்க் பிரபுவுக்கு அனுப்பிய ஆறு கன்செர்ட்டோக்களில் கேட்கலாம். ஐந்தாவதில், அதுவரை பின்னணியில் துணைக்கு மட்டும் இருந்துவந்த ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்), முதல் பகுதி முடியும் தறுவாயில் மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டு 65 பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) தனியே வாசிக்கும். தம்பூரா போட உட்கார்ந்தவர் நடுமேடைக்கு வந்துவிட்டது போல.

முக்கியப் பாடம்: மொஸார்ட், கே 466

இருபதாவது பியானோ கன்செர்ட்டோ, டி மைனர். 27-இல் மைனரில் உள்ளவை இரண்டுதான், அதில் ஒன்று இது. 1785 பிப்ரவரி 11 அன்று வியன்னாவில் மேல்குரூபே என்ற அரங்கில் மொஸார்ட்டே வாசித்தார். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா லெயோபோல்ட், மகளுக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் வந்து சேர்ந்தபோதும் நகலெடுப்பவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார், கடைசிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூட உன் தம்பிக்கு நேரமில்லை என்று சொல்லியிருக்கிறார்.

மொத்தம் அரை மணி நேரம். முதல் நாளே முழுவதும் கேட்காமல், முதல் பகுதியை மட்டும் மூன்று நாள், நாளுக்கு ஒரு முறை கேட்பது நல்லது. கீழே சொல்லும் நிமிடங்கள் பதிவுக்குப் பதிவு அரை நிமிடம்வரை தள்ளிப்போகும்.

முதல் நாள் கையால் தாளம் போடவும். நான்கு எண்ணிக்கை. தட்டின் மேல் விழுவது செல்லோவும் பேஸும் மட்டும். மூன்று ஸ்வரமாகக் கீழிருந்து துள்ளி ஏறும். வயலின்களோ தட்டுக்கு அரை இடம் தள்ளியே விழுந்துகொண்டிருக்கும். பாடக்கூடிய மெட்டு என்று எதுவும் கிடையாது. கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம் இழுபடும். அந்த நெருடல்தான் இந்தத் தொடக்கத்தின் பொருள். அரை நிமிடத்தில் டிரம்பெட்டும் முரசும் சேர்ந்து வெடிக்கும். கை தடுமாறி நின்றுபோனால் கவலை வேண்டாம், வெடிக்கும் இடத்தில் தட்டும் வயலினும் ஒன்று சேரும், அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் பியானோ நுழையும் இடம், 2:15-ஐ ஒட்டி. ஆர்கெஸ்ட்ரா இத்தனை நேரம் சொன்ன எதையும் பியானோ திருப்பிச் சொல்லாது. அந்தக் கொந்தளிப்பே நடக்காதது போல, கிட்டத்தட்டத் தனியாக, புதிதாக ஒரு மெட்டைத் தொடங்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து வெகுதூரம் தாவி, மெல்லப் படியிறங்கி வருகிற மெட்டு. இதை ஆர்கெஸ்ட்ரா கடைசிவரை வாசிக்காது. பியானோவுக்கு மட்டுமே சொந்தமான பேச்சு. சிறிது நேரத்தில் ஆர்கெஸ்ட்ரா பழைய படபடப்பை மறுபடி தொடங்கும், அப்போதும் பியானோ அந்தத் தாளத்துக்குள் போகாமல் அதன் மேலே வேகமான ஓட்டமாக ஓடும். ஆறாவது நிமிடத்தை ஒட்டி இந்த இழுபறி இன்னும் துலக்கமாகும்: பியானோ தன் மெட்டை மூன்று முறை, மூன்று சுருதியில் சொல்லும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆர்கெஸ்ட்ரா தொடக்கத்துக் கொந்தளிப்பைக் கொண்டுவந்து குறுக்கே போடும். மூன்றையும் விரல் விட்டு எண்ணிவிட்டால் இந்தப் பகுதி உங்கள் வசம்.

மூன்றாம் நாள் சுருதி. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு மேற்கத்திய இசையில் பெரிய குழப்பம் இங்கேதான்: ஆதார ஷட்ஜமே நகரும். டி மைனரில் தொடங்கும்போது டி-தான் ஸ. நடபைரவியும் கீரவாணியும் மாறி மாறித் தெரியும். பிறகு இசை எஃப் மேஜருக்குப் போகும்போது பழைய காந்தாரமே ஷட்ஜமாகி சங்கராபரணம் ஒலிக்கும். கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். தெரியாதவர்கள் இப்படிச் சோதிக்கலாம்: தொடக்கத்தில் பேஸ் ஊன்றி நிற்கும் ஸ்வரத்தை மெல்ல முனகிக்கொண்டே இருங்கள். எந்த இடத்தில் அது ஒட்டாமல் வெளியே நிற்கிறதோ அங்கே வீடு மாறிவிட்டது. மனதுக்குள் தம்பூராவை ஓடவிட்டபடியே கேட்டால் பாதி இசை அபஸ்வரமாகப் படும், அதற்குக் காரணம் இதுதான். எஃப் மேஜரில் சிரித்துக்கொண்டு வந்த ஒரு மெட்டு, பகுதியின் பின்பாதியில் டி மைனரில் வரும். அதே மெட்டுதான், ஆனால் முகம் வாடியிருக்கும்.

இரண்டாம் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதுவே பேசும். பியானோ தனியாகத் தொடங்கும், ஆர்கெஸ்ட்ரா அதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்லும். முதல் பகுதியில் மறுத்த இருவரும் இங்கே சமாதானம். நடுவில் புயல் ஒன்று வரும். அப்போது எல்லார் காதும் பியானோ விரல்களின் வேகத்தில் போய்விடும். அடுத்த முறை புல்லாங்குழல், ஓபோ, பஸூன் பக்கம் காதைத் திருப்புங்கள், அங்கே நடக்கும் உரையாடல்தான் அந்த இடத்தின் தசை.

மூன்றாம் பகுதியைப் பியானோ தனியாக, ராக்கெட் போல மேலெழும்பித் தொடங்கும். முடிவில் டி மைனர் டி மேஜராகும். இங்கே ஷட்ஜமம் நகராது. கீரவாணியின் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகும், தைவதமும் கூடவே உயரும், அவ்வளவுதான். அந்த ஒரே மாற்றத்தில் அறைக்குள் ஜன்னல் திறந்தது போலிருக்கும். கடைசி நிமிடத்தில் டிரம்பெட் விளையாட்டாக ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போவதையும் தவற விட வேண்டாம்.

கடென்சா

முதல் பகுதியில் 11-வது நிமிடத்தை ஒட்டி ஆர்கெஸ்ட்ரா பெரிதாக ஏறி, வாக்கியத்தை முடிக்காமல் ஒரு கார்டில், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்களில், நிற்கும். அந்தரத்தில் தொங்குகிற கார்ட். அதன் பிறகு பியானோ மட்டும். இதுதான் கடென்சா. தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் தாளக் கணக்கு கிடையாது. யாரும் கையைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். மிருதங்கக்காரர் மோராவும் கோர்வையும் வைத்துப் பாடகரை அழைப்பது போல, இங்கே பியானோ இரண்டு பக்கத்து ஸ்வரங்களைப் படபடவென்று மாற்றி மாற்றி அடிக்கும் நீண்ட ட்ரில்லை வைத்து ஆர்கெஸ்ட்ராவை உள்ளே அழைக்கும். நடுவிலும் சின்னச் சின்ன ட்ரில் வரலாம், ஏமாறக் கூடாது. கடைசி ட்ரில் நீளமானது, அது முடியும் இடத்திலேயே கூட்டம் நுழையும்.

கே 466-க்கு மொஸார்ட் எழுதிய கடென்சா நம்மிடம் இல்லை. பீத்தோவன் எழுதியது கிடைக்கிறது, கிளாரா ஷூமனும் பிராம்ஸும்கூட எழுதியிருக்கிறார்கள். மேடைகளில் அதிகம் கேட்பது பீத்தோவனுடையது. மொஸார்ட்டின் வீட்டில் பீத்தோவன் நுழைந்து நாற்காலிகளை நகர்த்துவது போலத்தான் அது இருக்கும் என்றாலும், அதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்வது கடினம். இரண்டு பதிவுகளை எடுத்துக் கடென்சாவை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் ஆச்சரியப்பட வேண்டாம், பதிவு தவறில்லை.

ஒப்பிடுவதற்கு மிட்சுகோ உச்சிதா, ஜெஃப்ரி டேட் நடத்த வாசித்த பதிவையும், மால்கம் பில்சன் ஜான் எலியட் கார்டினருடன் வாசித்ததையும் எடுத்துக்கொள்ளலாம். பில்சன் வாசிப்பது மொஸார்ட் காலத்து ஃபோர்டெபியானோ: மரச்சட்டம், தோல் சுற்றிய சுத்தியல், ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி). ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். இன்றைய 88 கட்டைப் பியானோ இரும்புச் சட்டத்தோடு ஆர்கெஸ்ட்ராவை எளிதில் அமுக்கிவிடும், பழையதால் அது முடியாது. மொஸார்ட் பியானோ பேசும்போது ஏன் ஆர்கெஸ்ட்ராவை அவ்வளவு மெலிதாக வைத்தார் என்பதற்கு அந்தப் பதிவிலேயே விடை இருக்கிறது.

நொட்டேஷன் படிக்கத் தெரியாவிட்டாலும் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் பங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய பிரதி) உதவும். ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் பழைய பதிப்புகள் இலவசம். பக்கத்தின் மேலே குழல்கள், கீழே வயலின் குடும்பம், வயலின்களுக்கு நேர் மேலே இரட்டை வரியில் பியானோ. முதல் பக்கங்களில் அந்த இரட்டை வரி காலியாகவே இருக்கும்: 76 பார் மௌனம். 77-ஆவது பாரில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும்போது காதிலும் பியானோ. தொலைந்துபோனால் வரிவரியாகத் தேடாதீர்கள். எல்லா வரியும் ஒரே நேரத்தில் கறுத்திருக்கும் பக்கத்துக்குப் போய், அடுத்த பேரொலிக்காகக் காத்திருக்கவும்.

அங்கிருந்து எங்கே

பீத்தோவனின் நான்காவது பியானோ கன்செர்ட்டோ (ஓபஸ் 58) அடுத்தது. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பொதுமக்கள் முன் அரங்கேறியது. பியானோவுக்காகக் காத்திருக்கப் பழகிய காதுக்கு இது அதிர்ச்சி: முதல் ஸ்வரமே பியானோவுடையது. ஜி மேஜரில் ஐந்து பார் மெல்லச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆர்கெஸ்ட்ரா பதில் சொல்வது வெகுதூரத்து பி மேஜரில், இன்னும் மெல்ல. இரண்டாம் பகுதி ஐந்து நிமிடந்தான், தந்தி வாத்தியங்களும் பியானோவும் மட்டும். தந்திகள் எல்லாம் ஒரே குரலில் அதட்டும், பியானோ மென்மையாகப் பதில் சொல்லும். குரலை உயர்த்தாமலே பேசிப் பேசி, யார் அடங்குகிறார்கள் என்று பாருங்கள்.

ஐந்தாவதில் ஆர்கெஸ்ட்ரா ஒரு கார்ட் போட்டவுடனேயே பியானோ வெள்ளமாகப் பாயும், இப்படி மூன்று முறை. கடென்சாவுக்கு உரிய ஆட்டத்தை வாசலிலேயே ஆடிவிடுகிறது. வழக்கமான இடம் வரும்போது, இங்கே கடென்சா வேண்டாம், அடுத்ததைத் தொடங்கு என்று பீத்தோவன் ஸ்கோரிலேயே எழுதிவிட்டார். வாசிப்பவர் கையில் விட்டிருந்த சுதந்திரம் எழுதுபவர் கைக்கு வந்த இடம் என்று இதைச் சொல்லலாம். மெண்டல்சன் 1845-இல் வயலின் கன்செர்ட்டோவில் ஒரு படி மேலே போனார்: கடென்சாவை முழுக்க எழுதியதோடு, முடிவில் வைக்காமல் பகுதியின் நடுவே, தொடக்க மெட்டு திரும்பி வருவதற்குச் சற்று முன் வைத்தார். தனி வயலின் விடாமல் வில்லைத் தந்திகளின் மேல் தாவவிட்டுக்கொண்டிருக்கும்போதே, அதன் அடியில் ஆர்கெஸ்ட்ரா மெட்டைத் தொடங்கிவிடும். யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்பதே அங்கே புரண்டுபோகிறது.

சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கன்செர்ட்டோவின் தொடக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த மெட்டு திரும்ப வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றந்தான், வராது. ரவெலின் இடதுகைக் கன்செர்ட்டோவை முதல் முறை விவரம் படிக்காமல் கேட்டுவிட்டுப் பிறகு காணொலியில் பாருங்கள். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக எழுதியது, 1932-இல் வியன்னாவில் அவரே வாசித்தார். ஷட்ஜமம் நகர்வது இன்னும் தொந்தரவாக இருப்பவர்கள் பண்டிட் ரவிசங்கர் 1971-இல் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவுடன் பதிவு செய்த சிதார் கன்செர்ட்டோவை நடுவில் வைத்துக்கொள்ளலாம்: நான்கு பகுதியும் ராகங்களில், கமாஜில் தொடக்கம்.

அரங்கில்

நிகழ்ச்சியில் கன்செர்ட்டோ பெரும்பாலும் இடைவேளைக்கு முன் வரும். அதற்கு முன்னால் பத்து நிமிடச் சிறு படைப்பு ஒன்று. பியானோ என்றால் மேடையைப் பார்த்து உட்காரும்போது இடப்பக்கம் இருக்கை வாங்குங்கள், விரல்கள் தெரியும். வலப்பக்கம் உட்கார்ந்தால் முகம் தெரியும், கை தெரியாது. வயலின் கலைஞர் நடத்துநரின் இடக்கைப் பக்கம் நிற்பார், அதற்கும் இதே பக்கந்தான் வசதி. தொடங்கும் முன் ஓபோ ‘ஏ’ ஸ்வரம் கொடுத்து எல்லாரும் சுருதி சேர்ப்பார்கள். பியானோ கன்செர்ட்டோவில் முதல் வயலின்காரர் எழுந்துபோய்ப் பியானோவில் அந்தக் கட்டையை அழுத்துவதைப் பார்க்கலாம், பியானோவை மேடையில் திருக முடியாதென்பதால் மற்றவர்கள்தான் அதற்கு இறங்கி வர வேண்டும்.

கைதட்டல் பற்றிப் பயம் வேண்டாம். மொஸார்ட் காலத்தில் பகுதிகளுக்கு நடுவிலும் தட்டினார்கள். இன்று மூன்றும் முடிந்த பிறகுதான் வழக்கம். கே 466-இன் முதல் பகுதி சத்தமில்லாமல் அடங்கி முடிவதால் அங்கே யாருக்கும் தட்டத் தோன்றாது. மெண்டல்சனில் பஸூன் தட்ட விடாது. சைக்கோவ்ஸ்கியின் முதல் பகுதி ஆரவாரமாக முடியும், அங்கேதான் கை துறுதுறுக்கும். நடத்துநரின் தோளைப் பாருங்கள்: கைகள் இறங்கி, தோள் தளர்ந்து, அவர் திரும்பினால் தட்டலாம்.